இரும்புக்கை மாயாவி யாருக்குச் சொந்தம்? சேலத்தில் பிறந்த பழைய ஹீரோக்களை ஏன் யாரும் தொடவில்லை?

பேட்மேனின் ஜோக்கர் என்றதும் ஹீத் லெட்ஜர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் வயதானவர்கள் ஜாக் நிக்கல்சனைச் சொல்வார்கள். ஆனால் திரையில் முதல் ஜோக்கர் இவர்கள் யாரும் இல்லை. 1966-ல் அமெரிக்க டிவியில் வந்த பேட்மேன் தொடரில், மீசையை எடுக்க மறுத்து அதன்மேலேயே வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டு நடித்த சீசர் ரொமேரோதான் அந்த முதல் ஜோக்கர்.

அந்த ரொமேரோ அதற்கு 14 வருஷம் முன்பே நம்ம சேலம் கம்பெனி படத்தில் நடித்திருக்கிறார்!

1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'. கதை என்ன தெரியுமா? இந்தியக் காட்டில் அழிந்துபோனதாக நினைத்த மாமூத் என்ற ஆதிகால யானைகள் திடீரென்று கிளம்பி வருகின்றன. வேட்டைக்காரர், இளவரசி, ரகசியம் எல்லாம் உண்டு. சாதா யானைகளுக்கே முடி போர்த்தி மாமூத் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கால அமெரிக்காவில் மலிவான தாளில் அச்சடித்து பத்து சென்ட்டுக்கு விற்ற பத்திரிகைக் கதைகள் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படி.

அந்தப் பத்திரிகைகளுக்குத்தான் 'பல்ப்' என்று பெயர். மரக்கூழில் செய்த சொரசொரப்பான தாள் என்பதால் அந்தப் பெயர். சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் அந்தக் கதைகளின் வாரிசுகள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாத நாவல்.

சரி, இந்தப் பழைய கதை இப்போ எதுக்கு?

லோகேஷும் மாயாவியும்

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல பேட்டிகளில் தன் கனவுப் படம் என்று சொன்னது 'இரும்புக்கை மாயாவி'. முதலில் சூர்யா பெயர் அடிபட்டது. 2025-ல் நடிகர் ஆமிர் கான், லோகேஷுடன் ஒரு சூப்பர் ஹீரோ படம் செய்யும் திட்டம் இருப்பதாகச் சொன்னதும், ரசிகர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து யாராவது லோகேஷ் பெயரை எடுத்தாலே 'மாயாவி எப்போ?' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மாயாவி யாருடைய ஆள்?

தமிழ் வாசகர்களுக்கு அவர் சிவகாசிக்காரர். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். ஒரு தலைமுறையே அவரைப் படித்து வளர்ந்தது. மின்சாரம் தாக்கினால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்த ஒரு படம் போதும், நாற்பது வருஷம் கழித்தும் மறக்காது. (பிளக் பாயிண்டில் விரல் விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அதைச் செய்ய வேண்டாம்.)

உண்மையில் அவர் லண்டன்காரர். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவர். பெயர் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட உதவியாளர். கதை எழுதியவர் கென் புல்மர், படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. முதல் கதையில் கிராண்டேல் நல்லவரே இல்லை, கெட்டவர். பிறகுதான் ரகசிய ஏஜென்ட்டாகத் திருந்துகிறார்.

லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடிய குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும், சட்டித்தலையன் ஆர்ச்சியும்கூட அதே பிரிட்டிஷ் கிடங்கிலிருந்து வந்தவர்கள்தான். ஸ்பைடர் கதைகளை நிறைய எழுதியவர் யார் என்று பார்த்தால் தலை சுற்றும். ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938-ல் சூப்பர்மேன் உரிமையை நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க அதற்காகச் சண்டை போட்டவர். அவர் பிழைப்புக்காக எழுதிய ஸ்பைடர், தமிழ்நாட்டில் சூப்பர்மேனைவிடப் பிரபலம் ஆனார் என்று சொன்னால் மறுக்க ஆள் குறைவு.

இவர்களின் உரிமை இப்போது 'ரெபெல்லியன்' என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய காமிக்ஸ் கிடங்கை அது 2016-லும் 2018-லும் இரண்டு தவணையாக வாங்கியது. வாங்கிப் பூட்டி வைக்கவில்லை, மாயாவியின் பழைய கதைகளைத் தொகுத்து மறுபடி புத்தகமாகவும் போட்டது.

லோகேஷ் எடுக்க நினைக்கும் கதை அந்தக் காமிக்ஸ்தானா என்பது வேறு விஷயம். பெயர் ஒன்று என்பதால் கதையும் ஒன்று என்று ஆகிவிடாது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எப்படிச் சொன்னார்கள் என்பதற்குத்தான் உண்டு. இரும்புக் கை உள்ள ஒரு மனிதன் என்பது ஐடியா. கிராண்டேல், அவர் மறையும் விதம், அவருக்கு நடந்த சம்பவங்கள், அந்த ஓவியம் எல்லாம் சேர்ந்தால் அது இன்னொருவர் சொத்து.

பழைய ஹீரோவைப் புதுசாக்குவது எப்படி?

மாயாவியை மறுபடி கற்பனை செய்வது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2005-ல் அமெரிக்காவில் 'ஆல்பியன்' என்று ஆறு இதழ் காமிக்ஸ் வந்தது. 'வாட்ச்மென்' புகழ் ஆலன் மூர் கதைக்களம் அமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள்.

அதில் ஓர் அட்டகாசமான திருப்பம். அந்த உலகத்தில் பிரிட்டிஷ் காமிக்ஸ் ஹீரோக்கள் எல்லாரும் நிஜ மனிதர்கள். இவர்கள் ஆபத்தானவர்கள் என்று பயந்த அரசாங்கம், எல்லாரையும் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் அடைத்துவிட்டது. நாம் சின்ன வயதில் படித்த மாயாவி, ஸ்பைடர் எல்லாம் அந்தச் சிறையில் வயதாகிக் கிடக்கிறார்கள்.

இதைத்தான் மாற்று உலகக் கதை என்கிறார்கள். ஹீரோவின் அடிப்படைக் குணத்தைத் தொடாமல் அவர் வாழும் உலகத்தை மாற்றிவிடுவது. 2004-ல் பீட்டர் பார்க்கரை மும்பையில் பவித்ர பிரபாகர் ஆக்கியதும் இதே வேலைதான். 2023-ல் வந்த 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் அந்தப் பவித்ரைப் பார்த்து இங்கே தியேட்டரில் விசில் அடித்தார்கள்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா யார்? கள்ளியங்காட்டு நீலி. பாட்டிமார் சொன்ன பேய்க் கதையை எடுத்து பெங்களூருவில் வேலை பார்க்கும் சூப்பர் ஹீரோ ஆக்கினார்கள். படம் மலையாளத்தின் மிகப் பெரிய வசூல் படங்களில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கள்ளியங்காடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் நாகர்கோவில் பக்கம் வரும். ஆமாம், இன்றைய தமிழ்நாட்டில்தான்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

திருச்செங்கோட்டுக்காரர் கட்டிய கதைத் தொழிற்சாலை

திரும்ப சேலத்துக்கு வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டுக்காரர். பெயரில் இருக்கும் 'டி' அந்த ஊர்தான். ஜவுளிக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போனவர், திரும்பி வந்து ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டுடியோ கட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மில் நடத்துவது மாதிரி ஸ்டுடியோ நடத்தினார். நேரத்துக்கு வேலை, எழுத்தாளர்களுக்கு மாதச் சம்பளம். 

'மந்திரி குமாரி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் மறந்துபோன படம் ஒன்று உண்டு. 1950-ல் வந்த 'திகம்பர சாமியார்'.

எம்.என். நம்பியார் என்றால் வில்லன் என்றே பழகிவிட்டோம். இதில் அவர்தான் ஹீரோ. பதினொரு வேடம். சாமியார் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒரு துப்பறிவாளர். வேடம் மாறி மாறி எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய்விடுவார். சட்டம் தொட முடியாத பெரிய மனிதர்களின் ஊழலைத் தோண்டி எடுப்பார். ரெட்டை அடையாளம், மாறுவேடம், தனக்கென்று ஒரு நீதிக் கணக்கு. முகமூடி மட்டும்தான் இல்லை. மற்றபடி பேட்மேனிடம் இருப்பதெல்லாம் இருக்கிறது, அதுவும் கும்பகோணம் வக்கீல் வீட்டுப் பின்னணியில்!

இந்த ஆளைப் படைத்தவர் மன்னார்குடி பக்கத்து வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். நூறு வருஷம் முன்பு தமிழில் நாவல் விற்றுக் காட்டியவர். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில மலிவு நாவல் ஆசிரியர்களின் கதைகளை எடுத்து, அதற்கு வேட்டி கட்டி, அக்ரஹாரத்தில் குடிவைத்தார். அன்றைய விமர்சகர்கள் திட்டினார்கள். வாசகர்கள் வாங்கினார்கள்.

1963-ல் சுந்தரம் மறைந்த பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் வந்ததுதான் ஜெய்சங்கர் அலை. 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்', 1972-ல் 'கருந்தேள் கண்ணாயிரம்'. ஜெய்சங்கருக்கு 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டம் வந்தது இப்படித்தான். அங்கே அமெரிக்காவில் ரொமேரோ ஜோக்கராகச் சிரித்த அதே 1966-ல், இங்கே ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடினார். 'வல்லவன் ஒருவன்' படத்தின் மூலம் ஒரு பிரெஞ்சு உளவுப் படம் என்பது தனிக் கதை.

கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். வடுவூரார் ஆங்கில நாவலை மாற்றினார். சேலம் பிரெஞ்சு உளவாளியை மாற்றியது. சிவகாசி லண்டன்காரரை மாயாவி ஆக்கியது. வெளியூர் ஹீரோவை நம்மவர் ஆக்குவதில் நமக்கு இணை கிடையாது. ஆனால் அப்படி ஆன பிறகு, அந்த நம்மவரை அடுத்த தலைமுறைக்காக மறுபடி எடுத்து வேறு உலகத்தில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் இங்கே நடக்கவே இல்லை.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' முழுக்க ஜெய்சங்கர் கால கௌபாய் படங்களுக்கான பாசம்தான். ஊருக்கே ஜெய்சங்கர் பெயர் வைத்திருப்பார். ஆனால் அது கிண்டல். 2023-ல் 'மாவீரன்' காமிக்ஸ் வரைபவரை ஹீரோ ஆக்கியது, 'வீரன்' கிராமக் காவல் தெய்வத்தைக் கையில் எடுத்தது. இரண்டும் நல்ல தொடக்கம், ஆனால் இரண்டுமே புது ஆட்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் பேட்மேனை மறுபடி கட்டுகிறார்களே, அந்த மாதிரி இல்லை.

சட்டம் தடுக்கிறதா?

இங்கேதான் சுவாரஸ்யம். மாயாவிக்காக லண்டன் கதவைத் தட்ட வேண்டும். நம்ம ஆட்களுக்கு அப்படி இல்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுத்தாளர் வாழும்போது வெளியான கதைக்கு அவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை. வடுவூரார் 1942-ல் மறைந்தார். ஆக 2003 ஜனவரி 1 முதல் திகம்பர சாமியார் எல்லாருக்கும் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் அவரை வைத்து காமிக்ஸ் வரையலாம், வெப் சீரிஸ் எடுக்கலாம். சூப்பர்மேனின் முதல் கதைக்கு அமெரிக்காவில் அந்த நாள் வருவது 2034-ல்தான்.

சினிமாவுக்குக் கணக்கு வேறு. படம் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1950-ல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தின் உரிமைக் காலம் 2010-லேயே முடிந்துவிட்டது. 1966-ல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்துக்கு 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது.

உடனே ஜனவரி 1-ஆம் தேதி எல்லாரும் ஜெய்சங்கர் படம் எடுக்கலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். இங்கே நிறைய பேர் சறுக்குவார்கள். படத்தின் உரிமை வேறு, அதற்குள் இருக்கும் திரைக்கதை, வசனம், பாட்டு, இசை ஆகியவற்றின் உரிமை வேறு. அவை ஒவ்வொன்றுக்கும் அதை எழுதியவர் இறந்து 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார் என்றால், அவர் எழுதிய எந்தப் பாட்டு வரிக்கும் 2041 முடியும்வரை உரிமை உண்டு. அதனால் பழைய படத்தின் பாட்டை அப்படியே தூக்கிப் போட்டால் நோட்டீஸ் வரும். பெயரை யாராவது டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால் அது இன்னொரு தலைவலி.

முகமும் தனி. ஏஐ வைத்து ஜெய்சங்கர் முகத்தை உயிரோடு கொண்டுவரலாம் என்று யாருக்காவது ஆசை வரலாம். உயிரோடு இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றம் கறார். 2015-ல் ரஜினிகாந்த் பெயரில் வந்த ஹிந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறைந்தவர்களின் முகம் குறித்து நம்ம சட்டத்தில் இன்னும் தெளிவான வரி இல்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படமான 'தலைவி' வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்குப் போகாது என்று 2021-ல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நடிகை நடித்த படம். கம்ப்யூட்டர் செய்த முகத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்துமா என்பதை இனிமேல்தான் யாராவது வழக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொத்தத்தில் சங்கர் பாத்திரத்தில் சிக்கல் உண்டு. சாமியாரிடம் இல்லை.

கொல்லிமலையில் ஒருத்தி காத்திருக்கிறாள்

உரிமைப் பிரச்னையே இல்லாத ஒரு கிடங்கு நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை.

சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை இந்த மலைக்காரி. தெய்வம் செய்த பாவை என்கிறார்கள். அவ்வளவு அழகு. பக்கத்தில் வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் மயங்கியவன் செத்தான். முனிவர்களை அசுரர்களிடமிருந்து காப்பாற்ற வைத்த காவல் பாவை என்று பிற்காலக் கதை. அதாவது மனிதர் வாசனை பட்டால் தானே இயங்கும், எதிரியைக் கண்டால் தாக்கும் ஒரு சிலை. இதை இன்றைய மொழியில் எழுதினால் அறிவியல் புனைகதை. நீலியைவிட எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை.

அதே மலையை ஆண்ட வல்வில் ஓரி இன்னொருவர். ஒரே அம்பு. யானையைத் துளைத்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகியது என்கிறது புறநானூற்றின் 152-வது பாட்டு. மார்வெல் ஹாக்ஐ இதைக் கேட்டால் வில்லைக் கீழே வைத்துவிடுவார். வருஷா வருஷம் ஆடி மாதம் செம்மேட்டில் அரசு ஓரி விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டி நடக்கிறது, சிலைக்கு மாலை விழுகிறது. அந்தக் கூட்டத்தில் ஓடித் திரியும் பையன்களுக்கு ஓரியைப் பற்றிப் படிக்க ஒரு காமிக்ஸ் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

லோகா மாதிரி படத்துக்குப் பெரிய பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆல்பியன் பணத்தால் நின்ற படைப்பு இல்லை. அதை எழுதியவர்கள் கையில் முப்பது நாற்பது வருஷப் பழைய வாரப் பத்திரிகைகள் இருந்தன. யார் எந்த இதழில் வந்தார், என்ன சட்டை போட்டார், யாரோடு சண்டை என்று தேடி எடுக்க முடிந்தது.

இங்கே அந்த இடத்தில்தான் அடி. தொடக்க காலத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே கிடையாது. பழைய மாத நாவல்களை நூலகங்கள் சேர்த்து வைக்கவில்லை, படித்து முடித்ததும் எடைக்குப் போனது. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, அந்த அட்டைப் படங்களைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள். நம்ம வீட்டு அலமாரியில் அவை இல்லை.

சேலத்தில் ஏற்காடு போகும் சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கும். உள்ளே ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள். போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வளைவின் முன் செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த வளைவுக்குள்ளே போய் வேலை பார்த்த நம்பியாரின் சாமியார் படம் யூடியூபில் தேடினால் இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. புத்தகம் வேண்டும் என்றால் வடுவூராரின் நாவல்கள் மறுபதிப்பாகவும் கிடைக்கின்றன. வரையத் தெரிந்த யாராவது இன்று இரவே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.